பின்னால் இழுத்தால் முந்தி வரும்

போன மாதம் விண்கலப் பாதைகளைக் கணக்கிடும் உங்கள் பிரிவுக்குப் பேச வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டிக் கேட்டார்: “கடைசிக் கட்டத்துக்கு மேல் ‘ஆலை வாசல்’ என்று இருக்கிறதே, இது எந்தப் புத்தகத்தில் வருகிற சொல்?” அறையில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எந்தக் குறுங்கோளும் பட்டியலில் மேலே ஏறாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில் நானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். ஓரிடத்தில் உட்காருவதே எனக்குப் புதிய வேலை.

அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அரியலூருக்கு வெளியே, இலையெல்லாம் வெள்ளைத் தூசி படிந்த ஒரு வேப்பமரத்தடியில், நகர மறுத்து நின்ற ஒரு பஸ்ஸில் எனக்கு அது கிடைத்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் குன்னம் பக்கத்துப் பெண். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத வீடு. அம்மா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார், வெங்காயம் ஆய்ந்தார். நான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் படித்தேன். பிறகு திருச்சி, பிறகு கணக்கில் மேல்படிப்பு, பிறகு தெற்கே கடலோரம் ஒரு விண்வெளி மையத்தில் வேலை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இரக்கத்துக்கும் சொல்லவில்லை. அந்த வயதில் நான் ஒரு தவறு செய்தால் அது என்னோடு போகாது, எனக்குப் பின்னால் வரக்கூடியவர்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையின் எடையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பிரிவில் நான்கு பேர். ஒரு தலைவர், மூன்று இளையவர்கள். எங்களிடம் இருந்த கேள்வி ஒன்றுதான்: நாடு கட்டிக்கொண்டிருந்த சிறிய ராக்கெட்டைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, பூமிக்குப் பக்கத்தில் சூரியனைச் சுற்றும் பெரிய கல்லான குறுங்கோள் ஒன்றைச் சென்றடைய முடியுமா? தாளில்தான். தாளில் முடியாதது வானத்திலும் முடியாது.

நம் வேலை என்னவென்று வெளியாள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: ஓடுகிற ஒன்றிலிருந்து ஓடுகிற இன்னொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். பூமி ஓடுகிறது. கல் ஓடுகிறது. நம் கையில் இருப்பது ஒரு பிடி எரிபொருள். பலசாலி என்றால் எந்தக் கல்லையும் எந்த நாளிலும் துரத்தலாம். நாம் பலசாலி இல்லை. அதனால் நம் பூமியைப் போலவே ஓடுகிற கல்லாகப் பார்த்து, இன்ன நாளில் இவ்வளவு மெல்லத் தள்ளிவிட்டால் தானாகவே மிதந்து போய் அதன் தோளோடு தோள் உரசும் என்று கண்டுபிடிக்கிறோம். பலமில்லாதவர்களின் கணக்கு இது. அதனாலேயே எனக்கு இது பிடித்திருந்தது.

மையத்துக்கு இருந்தது ஒரு பெரிய கம்ப்யூட்டர். எல்லாப் பிரிவுக்கும் அது ஒன்றுதான். எங்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் கிடைக்கும். துளையிட்ட அட்டைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். நாற்பது சொச்சம் குறுங்கோள்களைச் சலிக்க வேண்டும், நேரமோ போதாது. நான் ஒரு குறுக்குவழி கண்டேன். ஒவ்வொரு கல்லும் சூரியனின் இழுப்பில் மட்டும் சுற்றுவதாக வைத்துக்கொண்டேன். பூமியின் இழுப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நான்கில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்தது. தலைவருக்கும் மகிழ்ச்சி.

முதல் முறை சலிப்பதற்கு அது தவறே இல்லை. இன்றும் செய்யலாம். சலித்தபின் மேலே நிற்கும் நாலைந்துக்கு மட்டும் பூமியைத் திரும்பச் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று என் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் பட்டியலில் முதலில் வந்து நின்ற கல் அப்படியொரு அழகு. எங்கள் ராக்கெட்டின் பலத்துக்குள், படக்கருவியோடும் மற்ற எல்லாக் கருவிகளோடும் போய்ச் சேர முடிந்தது அது ஒன்றுக்குத்தான். இரண்டாவது வரிசையில் இருந்த கல்லுக்குப் போவதென்றால் படக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு தேருக்குப் போவது மாதிரி. முதல் வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். நோட்டில் எழுதியதை மறந்தேன். சல்லடையைத் தராசு என்று நினைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஆய்வைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு கூடுவதாகக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி. அட்டவணையைத் தட்டச்சு செய்து, கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, தலைவரின் கோப்பில் வைத்துவிட்டு நான் ஊருக்கு வந்தேன். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து.

அண்ணன் அரியலூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் இருந்தார். ஆலையைத் தாண்டி இரண்டு மைலில் ஒரு கிராமத்தில் வீடு. வெள்ளிக்கிழமை விசேஷம் முடிந்தது. சனிக்கிழமை மதியம் நான் அரியலூரில் ரயில் பிடித்துத் திருச்சி போய், அங்கிருந்து அடுத்த வண்டியில் ஞாயிறு மையம் சேர்ந்துவிட வேண்டும். அண்ணனுக்கு இரண்டு மணி ஷிப்ட். இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம்.

“மெயின் ரோட்டுக்கு நடந்துரு பாப்பா. அங்கேருந்து வர்ற வண்டி நேரா டவுனுக்குப் போயிரும்” என்றார்.

“ஒன்றரை மைலு வெயில்ல நடக்கணுமாண்ணே? இங்க வூட்டு வாசல்லயே ஒரு வண்டி வருதுல்ல.”

“வருது. அது ஆலை வாசல் வழியாவும் போவும். அதான் சொல்றேன்.”

“போனா என்ன? நான் டைமெல்லாம் பாத்துட்டேன். ஒன்னேகாலுக்கு இங்க ஏறினா ரெண்டு மணிக்குள்ள டவுனு. ரயிலு ரெண்டு இருபதுக்கு.”

“சரி தாயி. நீ வானத்துக்கே டைம் போடறவ. நான் மூட்ட தூக்கறவன்.”

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒன்று முப்பத்தைந்துக்கு ஆலை வாசலில் நின்றது. அண்ணனோடு சேர்ந்து பத்திருபது பேர் இறங்கினார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். நான் கண்டக்டரைப் பார்த்தேன்.

“சங்கு ஊதட்டுங்க” என்றார் அவர், பை நிறையச் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே. “காலைல ஏத்திட்டு வந்த ஆளுங்க உள்ள இருக்காங்க. அவங்கள விட்டுட்டுப் போனா நாளைக்கு இந்த ரோட்டுல நான் வண்டி ஓட்ட முடியுமாங்க?”

“சங்கு எப்ப ஊதும்?”

“ரெண்டுக்கு. கையெழுத்து போட்டு, கை கால் கழுவி வெளிய வர ஒரு பத்து நிமிசம். நம்ம ஆளுங்கதானே.”

அது அந்த வழித்தடத்தின் வழக்கம். எந்தக் கால அட்டவணையிலும் இல்லாதது, எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியாதது. அந்தப் பஸ் ஆலைக்கு அத்தனை அருகில் போனதால்தான் அண்ணன் வீட்டு வாசலுக்கும் வந்தது. அதே அருகாமையால்தான் நின்றது. அண்ணன் உள்ளே போகாமல் ஜன்னலோரம் வந்து நின்றுகொண்டார். முகத்தில் சிரிப்பை அடக்க அவர் முயற்சி எடுத்ததாகத் தெரியவில்லை.

“எறங்கி நடக்கறியா? டவுனு நாலு மைலு. ராக்கெட்டு வேகத்துல போனா புடிச்சிரலாம்.”

“போண்ணே.”

“நான் சொன்னேன்ல. எக்ஸ்பிரஸ் வண்டியுந்தான் எப்பவாச்சும் இந்த ரோட்டுல போகுது. எவனாச்சும் நிறுத்தறானா? கையத் தூக்கறதுக்குள்ள தாண்டிருது. இதுதான் ஒட்டி ஒட்டி வந்து, உருட்டிக்கிட்டே வந்து, வசமா மாட்டிக்குது. தள்ளிப் போறவன ஆலை என்ன பண்ணும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கு ஊதியது. சாம்பல் பூசிய முகங்களோடு ஆட்கள் வந்து ஏறினார்கள். யாரும் அவசரப்படவில்லை. அரியலூர் ஸ்டேஷனுக்கு நான் ஓடியபோது மேடையில் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. ரயில் இல்லை.

அடுத்த வண்டியைப் பிடித்தால் திருச்சியில் தெற்கே போகும் வண்டி கிடைக்காது. ஒரு நாள் தள்ளித்தான் கிடைக்கும். திங்கள் மதியம்தான் மையம் போய்ச் சேர முடியும். குழு பத்து மணிக்குக் கூடிக் கலைந்திருக்கும். பரவாயில்லை, அட்டவணை பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து அதன் நகலை எடுத்தேன், கெட்டிக்காரப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை மறுபடி பார்க்கிற தாயைப் போல.

முதல் வரிசையில் ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருந்தது. நானே போட்டது. அடுத்த ஆண்டு அந்தக் கல் பூமிக்கு மிக அருகே வரும், நிலாவின் தூரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்தில். அதன்பின் சூரியனை நான்கு முறை சுற்றும். நான்காவது சுற்றின் முடிவில் எங்கள் கலம் அதைச் சந்திக்கும். ‘கிட்டே வருகிறது, நல்லது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

ஒட்டி ஒட்டி வந்து, உருட்டிக்கிட்டே வந்து.

சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தேன். அந்தக் கல் எங்களுக்கு எளிதாக இருந்ததற்குக் காரணம், அது பூமியை ஒட்டி வந்தது, பூமியின் வேகத்திலேயே மெல்ல வந்தது. ஒட்டி வருவதையும் மெல்ல வருவதையும்தான் பூமி பிடித்து இழுக்கும். எட்டுவதற்கு எது எளிதோ, அதன் பாதைதான் முதலில் மாறும். நானோ பூமியையே கணக்கில் வைக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் அந்தக் கல் ஆளில்லாத ரோட்டில் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி பூமியைத் தாண்டிப் போயிருந்தது.

கையில் கால்குலேட்டர் இல்லை. காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கம் இருந்தது, பென்சில் இருந்தது. பூமியின் இழுப்பு, கடக்கும் தூரம், கடக்கும் வேகம். மூன்று எண்களை வைத்துக்கொண்டு முரட்டுக் கணக்கு ஒன்று போட்டேன். ஒரு சுற்றுக்கு இரண்டு நாளுக்கு மேல் மாறும். நான்கு சுற்றுக்கு ஒன்பது நாள். அந்தக் கல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும். ‘ஒன்பது நாள் தாமதம்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் வருகிற நெருக்கடி, சங்கு ஊதிக்கொண்டு வராது. யாருக்கும் எதுவும் தெரியாத ஓர் இடத்தில், பேசாமல் இருந்தால் எதுவுமே நடக்காது என்கிற வடிவில் வரும். நான் அந்தப் பெஞ்சில் என்னோடு பேசிக்கொண்டேன். குழுவுக்கு நுணுக்கம் தேவையில்லை. முதல் வரிசையைப் பார்த்து ஆய்வைத் தொடரச் சொல்வார்கள். தொடர்ந்தபின் ஆறு மாதத்தில் நானே சத்தமில்லாமல் திருத்திவிடலாம். இப்போது சொன்னால் முதல் வரிசை போகும், படக்கருவி போகும், ஆய்வே போகலாம், கூடவே என் பெயரும். அதுவும் பத்திரிகையின் முதுகில் போட்ட கணக்கை நம்பி.

வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாதத்தில், கண்டக்டர் சொன்ன மாதிரி நான் நாளைக்கும் ஏற்றிச் செல்ல வேண்டிய ஆட்கள் யாருமே இல்லை. தலைவர் அந்த அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரியாமல், என் பொய்யைத் தன் குரலில் சொல்வார். எழுந்து தொலைபேசி ஆபீசுக்கு நடந்தேன்.

கவுண்டரில் ஓர் அம்மாள், காதில் பென்சிலைச் செருகியிருந்தார். தெற்கே அவசர ட்ரங்க் கால் என்றேன்.

“ஒரு மணி நேரம் ஆகும். ஒன்றரையும் ஆகும். உட்காருங்க. ஊருல யாருக்கும் உடம்பு சரியில்லையா?”

“இல்லீங்க. கணக்கு ஒண்ணு தப்பாயிருச்சு.”

“கணக்குக்கா அவசர காலு?” என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டார்.

அந்தக் காத்திருப்புதான் என்னைக் காப்பாற்றியது. தலைவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். எத்தனை நாள் என்பது இரண்டாவது கேள்வி. முந்தியா, பிந்தியா என்பதுதான் முதலாவது. பிந்தி வந்தால் நாமும் சில நாள் பிந்திக் கிளம்பிச் சமாளிக்கப் பார்க்கலாம். முந்தி வந்தால் முந்திக் கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் பூமி நிற்கிற இடம் எங்களுக்குச் சாதகமாக இல்லை, அந்த ராக்கெட்டின் பலம் போதாது. நான் ‘தாமதம்’ என்று எழுதியிருந்தேன். ஏன்? பஸ் தாமதமானதால். வேறு காரணமே இல்லை.

படம் போட்டேன். நடுவில் சூரியன். பூமி போகும் திசைக்கு ஓர் அம்பு. கல் எங்கே குறுக்கே வருகிறது? பூமிக்கு முன்னால். முன்னால் போகிற கல்லைப் பின்னால் இருக்கும் பூமி பின்பக்கமாக இழுக்கும். கல் வேகம் இழக்கும். வேகம் இழந்தால் சூரியன் பக்கம் கொஞ்சம் சரியும். சரிந்தால் சுற்று சிறுத்துவிடும். சிறிய சுற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு வரும். பின்னால் இழுத்தால் முந்தி வரும். நாம் எல்லோரும் முதல் ஆண்டில் படிக்கிற பாடம், எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழுகிற பாடம். ‘தாமதம்’ என்பதை அடித்தேன்.

பஸ் எனக்குக் கேள்வியைத்தான் கொடுத்தது. விடையையும் அதனிடமே வாங்கிக்கொள்ளப் பார்த்தது என் சோம்பல். உவமை ஒரு கதவைத் திறந்துவிடும். உள்ளே நம் காலால்தான் நடக்க வேண்டும்.

ஆனால் இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் தலைகீழாகிற கணக்கை வைத்துக்கொண்டு நான் யாரை நம்பவைப்பேன்?

“எம்மா, கணக்கு காலு வந்திருச்சு. அந்தப் பொட்டிக்குள்ள போங்க. மூணு நிமிசந்தான். சத்தமா பேசுங்க.”

“சார், முதல் வரிசையை எடுத்துடுங்க” என்றேன்.

“என்ன?”

“முதல் வரிசை தப்பு சார். அந்தக் கல் அடுத்த வருஷம் பூமிகிட்ட வருது. பூமியோட இழுப்பைச் சேர்க்கல. நான்தான் சேர்க்கல.”

கடல் இரைவது மாதிரி ஓர் இரைச்சல்.

“முந்தியா, பிந்தியா?”

“முந்தி.”

“எவ்வளவு?”

“ஒன்பது நாள் வரைக்கும் போகலாம். கையால போட்டது. பாதியாவும் இருக்கலாம். திசை உறுதி சார், அளவு உறுதியில்ல.” அப்புறம் சொல்லாமல் விடலாம் என்று நினைத்ததையும் சொல்லிவிட்டேன். “முதல்ல பிந்தின்னுதான் எழுதினேன். படம் போட்டதும் மாறிச்சு.”

“ஏன் மாறிச்சு?”

“பூமிக்கு முன்னாடி கடக்குது. பின்னாடி இழுபடுது. சுத்து சிறுக்குது.”

“ம். முதல்ல பிந்தின்னு எழுதினதைச் சொன்னீங்க பாருங்க, இப்ப நம்பறேன். சரி, திங்கட்கிழமை நான்...”

லைன் அறுந்தது. திங்கட்கிழமை அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தேன். அந்த அம்மாள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

“கணக்கு சரியாயிருச்சா?”

“தப்புன்னு சொல்லியாச்சுங்க.”

“அதுக்கும் ஒரு தைரியம் வேணும்” என்றார், ரசீதைக் கிழித்துக்கொண்டே.

திங்கள் மதியம் ரயில் புழுதியோடு மையத்துக்குள் நுழைந்தேன். எங்கள் அறையில் தலைவர் இல்லை. மேசையில் அட்டவணை இருந்தது. முதல் வரிசையின் மேல், அடிக்கோல் வைத்து, நேராக ஒரு கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்து. என் பக்கத்து மேசைக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். தலைவர் பேச்சைத் தொடங்கியதே அந்தக் கோட்டிலிருந்துதானாம். குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார், முதல் வரிசையே தப்பு என்றால் இரண்டாவதை எப்படி நம்புவது என்று. அது இடையில் பூமியருகே வருவதே இல்லை, பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றிருக்கிறார் தலைவர். இன்னொருவர் கேட்டாராம்:

“இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?”

“செஞ்சவங்களே.”

படக்கருவி இல்லாத இரண்டாவது வரிசையை வைத்துக்கொண்டு, ஆய்வைத் தொடர ஆறு மாதம் கொடுத்தார்கள். கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது.

அந்த வாரம் கம்ப்யூட்டரில் எங்கள் முறை வந்ததும் பூமியைச் சேர்த்து ஓட்டினேன். நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு, முந்தி. நான் சொன்னதோ ஒன்பது. தாளைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அளவு தப்பு. திசை சரி. திசை தப்பி அளவு சரியா இருந்திருந்தா உங்களை இந்த அறையை விட்டே அனுப்பியிருப்பேன்” என்றார். பிறகு அட்டவணையில் ஒரு புதுக் கட்டம் வரைந்தார். கல் வழியில் பூமியருகே வருகிறதா, வந்தால் மெல்லவா வேகமாகவா, முன்னாலா பின்னாலா. கையால் போட்டுப் பார்த்து எழுத வேண்டும். “இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?”

பஸ் கதையைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். தட்டச்சு இயந்திரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவரே அடித்தார்: ஆலை வாசல்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“பின்னாடி புடிச்சு இழுத்தா முன்னாடி வருமா? யாருகிட்ட கத விடற?”

“வரும்ணே. அங்க அப்படித்தான்.”

“வந்தப்புறம் சொல்லு.”

அந்த ஆய்வு தாளோடு முடிந்தது. எந்தக் கலமும் எங்கும் போகவில்லை. அதற்காக நான் வருந்தியதில்லை. இன்று உங்கள் மேசையில் இருக்கிற பாதைகள் அந்தத் தாள்களின் மேல்தான் நிற்கின்றன. அடுத்த ஆண்டு அந்தக் கல் பகல் வானத்தின் பக்கமாக வந்து போனதால் யார் கண்ணிலும் படவில்லை. எண்பதுகள் முடிவதற்கு முன், தொலைதூரத்து வானாய்வுக் கூடம் ஒன்று அதை மறுபடி கண்டுபிடித்த செய்தி ஓர் அறிக்கையில் ஓரமாக வந்தது. இடமும் நாளும் இருந்தன. பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். நாங்கள் முதலில் தட்டச்சு செய்த தேதிக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள் முன்பே அது அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பழைய தேதியில் அந்த இடத்தில் இருட்டைத் தவிர எதுவும் இருந்திருக்காது. அனுப்பியிருந்தால், எங்கள் கலம் படக்கருவியைத் திறந்துகொண்டு அங்கே போய் நின்றிருக்கும், குறித்த நேரத்துக்கு, தனியாக.

அந்த வருடம் பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். திரும்பும் நாளில் அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் கூட நடந்து வந்தார். மெயின் ரோட்டுக்கு ஒன்றரை மைல்.

“அந்தக் கல்லு வந்துருச்சுண்ணே” என்றேன். “முந்தியே.”

“பின்னாடி இழுத்ததுக்கா?”

“ஆமாம்.”

அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். “அப்ப அங்க டீ குடிக்கப் போற டிரைவரு யாரும் இல்லபோல.”

ஆகவே, புதிதாக வந்திருப்பவர்களே, அந்தக் கட்டத்தை மட்டும் இயந்திரம் நிரப்ப விடாதீர்கள். கையால் போடுங்கள். அளவு தப்பினால் பரவாயில்லை, திசையைப் பிடியுங்கள், பிடித்ததும் வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் எந்த வரிசை உங்களைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறதோ அதை முதலில் சந்தேகியுங்கள்.

அன்று மெயின் ரோட்டில் நேர்வண்டி வந்தது. ஏறினேன். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியபோது ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.